டிப் ராடுக்குத் தெரியாத கசிவு

கோடைக்காலப் பகல். சங்ககிரி டிப்போவில் 12,000 லிட்டர் பெட்ரோலை ஏற்றிக்கொண்டு ஒரு டேங்கர் லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்தைக் கடந்து, அடிவாரம் வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டில் சரக்கை இறக்குகிறது. கீழே ஏற்றும்போது பெட்ரோலின் சூடு 35 டிகிரி. மலையில் மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் டேங்கோ 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஒரு டிகிரி குளிர்ந்தால் பெட்ரோல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். பதினைந்து டிகிரி குளிர்ந்து முடிக்கையில் கிட்டத்தட்ட 180 லிட்டரைக் காணோம். யாரும் திருடவில்லை, ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை.

பங்க் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சுருக்கம் தெரிந்த விஷயம்தான். அதற்காகவே சரக்கின் அடர்த்தியை அளந்து, 15 டிகிரிக்கு மாற்றி எழுதி வைக்கிறார்கள். நம்முடைய கவலை வேறு. 180 லிட்டர் இப்படி நியாயமாகவே குறையக்கூடிய இடத்தில், நிஜமாகவே ஓட்டை வழியாக நாலு லிட்டர் போனால் யாருக்குத் தெரியும்?

தினமும் காலையில் பங்க்கில் டிப் எடுப்பார்கள். அளவு பொறித்த நீளமான ராடை டேங்குக்குள் விட்டு, எங்கே நனைந்திருக்கிறது என்று பார்த்து, அந்த டேங்குக்கான சார்ட்டில் லிட்டர் கணக்கைப் படிப்பார்கள். ராடின் நுனியில் ஒரு பசையையும் தடவி விடுவதுண்டு. டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் பசை நிறம் மாறும். எளிமையான, நல்ல முறை. ஆனால் அதன் கண் எவ்வளவு கூர்மை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 லிட்டர் டேங்க் என்பது ஏறத்தாழ இரண்டு மீட்டர் விட்டமும் ஆறரை மீட்டர் நீளமும் கொண்ட, படுக்கவைத்த உருளை. அது பாதி நிரம்பியிருக்கும்போது ராடில் ஒரு மில்லிமீட்டர் என்பது 13 லிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசியும் மூட்டு ஒன்று, ஒரு நாளில் நாலேகால் லிட்டரை வெளியே விடும். ராடில் அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கைநடுக்கத்துக்குள் அடங்கிவிடும் அளவு. ஆண்டு முடிவில் 1,500 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கும். சார்ட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது பல பங்க்குகளில் டேங்குக்குள்ளேயே மின்னணு அளவி வைத்திருக்கிறார்கள். அது ராடைவிடக் கூர்மையானது. ஆனாலும் சூடும் குளிரும் ஆடும் ஆட்டத்தை அதுவும் கழித்துப் பார்த்தாக வேண்டும்.

ஆகவே டேங்கை மட்டும் கேட்டுப் பயனில்லை. டேங்கைச் சுற்றியிருக்கும் மண்ணையும், அதன் கீழே ஓடும் தண்ணீரையும் கேட்க வேண்டும்.

கசியும் பெட்ரோலில் கலங்க வைக்கும் பொருள் பென்சீன். இந்தியப் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர விதி. ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியாகத் தெரிந்த வேதிப்பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு சதவீதம் பென்சீன் என்றால் பத்து மில்லிலிட்டர்; எடையில் ஒன்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒன்பது கிராம் அத்தனையும் தண்ணீரில் கரைந்தால், ஏறக்குறைய 9 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்த அது போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எழுபதுக்கும் மேல். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலை.

மூக்கை நம்பலாமா என்றால், கூடாது. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் சேர்ந்த பிறகுதான் பென்சீனின் வாடையை மனித மூக்கு பிடிக்கும். வரம்பைப் போல அது ஆயிரம் மடங்கு. பெட்ரோலில் உள்ள சைலீன் போன்ற கூட்டாளிகள் கொஞ்சம் முன்னதாகவே வாடை காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் வாடை வந்தபின் பரிசோதிப்பது என்பது காலம் கடந்த வேலை.

தண்டையார்பேட்டையில் அப்படித்தான் நடந்தது. 2013இல் வடசென்னையின் அந்தப் பகுதி மக்கள் போர் தண்ணீரில் எண்ணெய் வருவதைக் கண்டார்கள். துறைமுகப் பக்கமிருந்து தண்டையார்பேட்டை முனையத்துக்கு மண்ணுக்கடியில் வரும் பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போனது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்தார்கள். கசிந்ததை உறிஞ்சி எடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அங்கே கசிந்தது டேங்க் இல்லை, குழாய். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய்க்கு அந்த வேறுபாடு கிடையாது. அமெரிக்க அனுபவத்திலும் டேங்கின் உடலைவிட அதோடு சேர்ந்த குழாய்களும் மூட்டுகளுமே பல நேரம் முதலில் தோற்றிருக்கின்றன.

எண்ணெய் எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எங்கே தோண்டுவது என்பது விளங்கும். கசிந்த பெட்ரோல் முதலில் நேராகக் கீழே இறங்குகிறது. போகிற வழியெல்லாம் மண் துகள்களின் இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிடுகிறது. சீயக்காய் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி எண்ணெய்த் தலையை அலசிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிசுக்கு எவ்வளவு பிடிவாதமானது என்று தெரியும். மண்ணும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. தங்கியது போக மீதி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதற்கு மேல் மிதந்தபடி பக்கவாட்டில் விரிகிறது. மிதக்கும் படலத்திலிருந்து பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் நீரில் கரைந்து, நீர் போகும் திசையில் நீளமாகப் பயணம் போகின்றன. ஆய்வகத்தார் இந்த நால்வரையும் சேர்த்து ‘பிடெக்ஸ்’ என்பார்கள். எஞ்சியதில் ஒரு பகுதி ஆவியாகி, மண்ணின் காற்றுவெளி வழியாக மேலே வருகிறது. ஆக ஒரே கசிவுக்கு நான்கு உருவம்: மண்ணில் பிசுக்கு, நீரின் மேல் படலம், நீருக்குள் கரைசல், மண்ணுக்குள் ஆவி. ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு மற்ற மூன்றும் இல்லை என்று சொல்ல முடியாது.

பருவமும் இதில் கை வைக்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது மிதக்கும் எண்ணெய் மேலேறி மண்ணுக்குள் சிக்கிக்கொள்கிறது. கிணற்றுக்குள் படலம் மெலிந்து காணப்படும். கோடையில் மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே வடிந்து கிணற்றில் தடித்துக் கூடும். மழை நன்றாகப் பெய்த ஐப்பசியில் மாதிரி எடுத்து ‘எண்ணெய்ப் படலம் இல்லை’ என்று எழுதிக்கொடுத்த அறிக்கையைச் சித்திரை பொய்யாக்கிவிடக்கூடும். ஒரே ஒரு முறை எடுத்த சோதனையைக் காட்டி ‘சுத்தம்’ என்று யாராவது சொன்னால், எந்த மாதம் எடுத்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

மண்ணின் ஆவியைப் பிடிப்பதிலிருந்து களவேலை தொடங்கும். டேங்கைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு, பிஐடி என்கிற கைக்கருவியால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்ப்பார்கள். கருவிக்குள் ஒரு புற ஊதா விளக்கு. அதன் ஒளி பென்சீன் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைத் தட்டிவிடும் அளவு வலுவுள்ளது. மீத்தேனிடம் அதன் வலு செல்லாது. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கின் மீத்தேனைக் கருவி பெட்ரோல் என்று எண்ணிவிடாது என்பது பெரிய வசதி. ஏற்காட்டுக்கென்று ஒரு வசதிக்குறைவும் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் கருவி காட்டும் எண் குறையும். பனிமூட்டம் சூழ்ந்த காலையில் பிஐடி காட்டும் குறைந்த எண்ணைப் பார்த்து யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஈரத்துக்கான திருத்தம் செய்தாக வேண்டும், இல்லையென்றால் வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு மண். உரச் சோதனைக்கு மண் எடுப்பது நம் விவசாயிகள் அறிந்த வேலை: வயலில் பல இடத்தில் எடுத்து, கொட்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி, கால் பங்கைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். பெட்ரோல் விஷயத்தில் இதில் ஒவ்வொரு படியும் தவறு. கலக்கும்போதே பென்சீன் பறந்துவிடும். உலர்த்தினால் மிச்சமும் போய்விடும். அதனால் துளையிலிருந்து வெளிவந்த மண்ணில், காற்றுப் படாத உள்பகுதியைச் சிறு குழாயால் குத்தி எடுத்து, அங்கேயே மெத்தனால் உள்ள குப்பியில் போட்டு மூடுவார்கள். ஆய்வகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், களத்தில் பறந்துபோனதை அங்கே மீட்க முடியாது.

தண்ணீருக்கு இன்னும் கறார். 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. விளிம்பில் நீர் குமிழாகப் புடைத்து நிற்கும்வரை ஊற்றி மூட வேண்டும். மூடியபின் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு காற்றுக் குமிழி ஏறினாலும் அந்த மாதிரி கழிவு, வேறொன்று எடுக்க வேண்டும். கரைந்திருக்கும் பென்சீன் அந்தக் குமிழிக்குள் தப்பிவிடும் என்பதுதான் காரணம். குப்பிக்குள் முன்பே சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டிருப்பார்கள். வழியில் பாக்டீரியா பென்சீனைத் தின்று தீர்த்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியை ஒட்டி வைத்து, பதினான்கு நாளுக்குள் பகுப்பாய்வை முடித்துவிட வேண்டும்.

அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, திறக்கவே திறக்காத ஒரு குப்பி. ஆய்வகத்திலேயே தூய நீரை நிரப்பி மூடிய அது, களத்துக்கு வந்து, ஒன்றும் செய்யாமல், மற்ற குப்பிகளோடு திரும்பிப் போகும். அதில் பென்சீன் தென்பட்டால், மாசு கிணற்றிலிருந்து வரவில்லை, பயணத்தில் ஒட்டியது என்று பொருள். மாதிரி எடுக்கப் போகிறவர்கள் வழியில் ஜீப்புக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையோடு குப்பியைத் தொடக் கூடாது என்பதும் இந்த வேலையின் எழுதப்பட்ட ஒழுங்குகளில் ஒன்று. தன்னையே சந்தேகிக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத சோதனை அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சென்னைக்கும் பொருந்தும், ஏற்காட்டுக்கும் பொருந்தும். இனிமேல்தான் மலை தன் குணத்தைக் காட்டுகிறது.

சமவெளியின் மணற்பாங்கான நிலத்தில் நீர் எந்தத் திசையில் போகிறது என்று அறிய மூன்று கண்காணிப்புக் கிணறுகள் போதும். முக்கோணமாகத் தோண்டி, மூன்றிலும் நீர்மட்டத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்தால், எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் ஓட்டம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தக் கணக்கு சறுக்கும். இது சார்னோக்கைட் பாறையால் ஆன மலை. (கொல்கத்தாவில் வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த டி. எச். ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளும் இதே இனம்.) பாறையின் உடலுக்குள் தண்ணீர் புகாது. மேலே பாறை சிதைந்து உண்டான செம்மண்; உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிவு, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து தாது போன காலமும் உண்டு. அதற்குக் கீழே, கெட்டிப் பாறையில் விழுந்த வெடிப்புகள். மலையின் தண்ணீர் முழுவதும் இந்தச் சிதைந்த மண்ணிலும் வெடிப்புகளிலும்தான் வாழ்கிறது.

வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் எண்ணெயும் போகும். டேங்குக்குப் பத்தடி தள்ளிப் போட்ட போர் வெடிப்பைத் தொடாமல் போனால் கண்ணாடியாய்த் தண்ணீர் தரும். முந்நூறு மீட்டர் கீழே ஒரு எஸ்டேட் ஊற்றில் வாடை அடிக்கும். மாசைத் தேடப் போட்ட போரே மாசுக்கு வழி திறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மேலே செம்மண்ணில் தங்கிக் கிடந்த எண்ணெயை, துளை ஒரு ஆழ வெடிப்போடு இணைத்துவிட்டால் போதும். அதனால் அனுபவசாலிகள் சுத்தமான புறத்திலிருந்து தொடங்கி உள்ளே வருவார்கள். மேல்மண்ணை உறைக்குழாய் போட்டு அடைத்தபிறகே பாறைக்குள் இறங்குவார்கள்.

மலையில் ஊற்றுகள்தான் நல்ல கண்காணிப்புக் கிணறுகள் என்பது என் எண்ணம். வெடிப்புகள் எல்லாம் சேர்த்துக் கொண்டுவரும் தண்ணீரைச் சரிவில் ஓரிடத்தில் வெளியே விடும் வாய் அது. மலை கிராமத்துப் பெரியவர்களுக்கு எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எது கோடையிலும் நிற்காது என்ற கணக்கு மனப்பாடம். கோடையிலும் நிற்காத ஊற்று ஆழமான வெடிப்பிலிருந்து வருவது. மழை விட்ட சில வாரங்களில் நிற்பது மேல்மண் தண்ணீர். ஆய்வுக் குழு எந்த ஊற்றில் எப்போது குப்பி வைப்பது என்று திட்டமிட, அந்த அறிவைவிட மலிவான, சிறந்த தொடக்கம் கிடையாது.

எந்த டேங்குக்கும் எந்த ஊற்றுக்கும் தொடர்பு என்பதை நேரடியாகவே சோதிக்கவும் வழி உண்டு. ஃபுளோரசீன் என்ற சாயத்தை ஓரிடத்தில் நீரோடு விட்டுவிட்டு, கீழே ஊற்றுகளில் பச்சை ஒளிர்கிறதா என்று பார்ப்பது. மிகமிகக் குறைந்த அளவிலும் தென்படும் சாயம் அது. 1877இல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு தரைக்குள் மறையும் இடத்தில் அடால்ஃப் நாப் என்ற அறிஞர் 10 கிலோ ஃபுளோரசீனையும் 20 டன் உப்பையும் கொட்டினார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஹ் ஊற்றில் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது, உப்பும் கரித்தது. டான்யூபின் தண்ணீர் மலைக்கு அடியில் புகுந்து ரைன் ஆற்றுக்குத் திருடுபோகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. அதே சோதனையில் அவர் 1,200 கிலோ ஷேல் எண்ணெயையும் ஊற்றினார். அதுவும் ஊற்றில் வந்து சேர்ந்தது. இன்று யாராவது ஊற்றுக்கு மேலே எண்ணெயைக் கொட்டி ஆராய்ச்சி என்றால் கைதுதான்.

பாறை வெடிப்பு வழியாக எண்ணெய் பரவினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் நிலத்தில் கசப்பான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தேங்கும் மழைநீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். அங்கே இயங்கிய நொதர்ன் பவர் நிறுவனத்தின் அனல் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. நீர் வழங்கல் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் வரம்பைத் தாண்டி இருந்தன. வடக்கு மாகாண சபை அமைத்த வல்லுநர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்கிற தொனியில் பேசியது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற எளிய கேள்விக்கு மக்களுக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன.

இப்படி முரண்படுவதற்குப் பித்தலாட்டம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘எண்ணெயும் கிரீசும்’ என்ற சோதனையில் நீரை ஹெக்சேன் போன்ற கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் பிசுக்கை நிறுப்பார்கள். எடை சொல்லும், அது என்ன எண்ணெய் என்று சொல்லாது. லேசான பென்சீன் அந்த ஆவியாக்கலிலேயே பறந்துவிடும். பிடெக்ஸ் சோதனை இதற்கு நேர்மாறு: பென்சீனை நுணுக்கமாகப் பிடிக்கும், கனமான கழிவு எண்ணெயைக் கண்டுகொள்ளாது. மின் நிலையத்து உலை எண்ணெய்க்கு இரண்டாவதை மட்டும் செய்தால் கிணறு சுத்தமாகத்தான் தெரியும். எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற சோதனை என்ற ஒன்றிலேயே பாதி வழக்கு முடிவாகிவிடுகிறது.

மீதிப் பாதி, ‘யாருடைய எண்ணெய்?’ இதற்கு வாயு நிறப்பகுப்புக் கருவி வரையும் வரைபடம் கைரேகையாக உதவும். லேசான மூலக்கூறுகள் முதலில் வெளிவரும், கனமானவை பின்னால். பெட்ரோல் என்றால் தொடக்கத்திலேயே கூர் கூராக முனைகள். டீசல் நடுவில் சீப்புப் பல் வரிசை. உலை எண்ணெய் கடைசியில் பெரிய மேடு. மண்ணில் நாள்பட்டால் பாக்டீரியா நேர்ச் சங்கிலி மூலக்கூறுகளை முதலில் தின்னும். கிளைவிட்ட பிரிஸ்டேன் போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும். இரண்டின் விகிதத்தைப் பார்த்து, கசிவு புதியதா பழையதா என்று ஓரளவு சொல்லலாம். ‘எனக்கு முன்பிருந்தவர் விட்ட எண்ணெய் இது’ என்ற வாதத்தை இப்படித்தான் எடை போடுகிறார்கள். சுன்னாக வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 அன்று, பாதிக்கப்பட்ட மக்களுக்கு நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணறுகள் முன்பு எப்படி இருந்தன என்ற பழைய சோதனைப் பதிவுகள் நிறைய இருந்திருந்தால் அந்த வழக்கின் பாதை சுருங்கியிருக்கும்.

பாக்டீரியா என்றேன். இந்தக் கதையில் வியப்புக்குரிய பாத்திரம் அதுதான். யாரும் கொண்டுவந்து விடாமலே மண்ணில் இருக்கும் சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் பென்சீனைச் சாப்பாடாக எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட், பிறகு இரும்பு, பிறகு சல்ஃபேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தொடரும். அதனால்தான் நல்ல ஆய்வறிக்கையில் பென்சீனோடு சேர்த்துக் கரைந்த ஆக்சிஜன், இரும்பு, சல்ஃபேட் அளவுகளும் இருக்கும். மண் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறதா என்பதற்கு அவை சாட்சி. 1995இல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் கசிந்த டேங்குகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் பென்சீன் 80 மீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது. 1984இல் நிலத்தடி டேங்குகளுக்கான சட்டம் வந்ததிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதியான அமெரிக்காவுக்கு அது பெரிய ஆறுதல்.

நமக்கு அந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ள உரிமை இல்லை. அந்த 80 மீட்டர் பெரும்பாலும் மணலிலும் வண்டலிலும் கிடைத்த எண். காப்பித் தோட்டத்து மக்கு நிறைந்த மேல்மண்ணில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிரும் ஏராளம்; அதைத் தாண்டி வெறும் பாறை வெடிப்புக்குள் புகுந்துவிட்டால் தடுத்து நிறுத்த மண்ணும் இல்லை, தின்பதற்கு அவகாசமும் இல்லை. இன்னொன்று எத்தனால். இப்போது நம் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை அது கலந்திருக்கிறது. பாக்டீரியாவுக்குப் பென்சீனைவிட எத்தனால் இனிப்பு. அதை முதலில் தின்று, இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் அதற்கே செலவழித்துவிடும். பென்சீன் தின்னப்படாமல் கூடுதல் தூரம் போகும். எத்தனாலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழைய தூரக் கணக்குகளை வைத்துக்கொண்டு புதிய பெட்ரோலுக்குக் கண்காணிப்புக் கிணறு தோண்டக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏற்காட்டு ஏரியின் உபரி நீர் கிளியூர் அருவியாக விழுகிறது. சேலம் நகரத்தின் ஊடாகப் போகும் திருமணிமுத்தாறு பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான். மேலே ஒரு டேங்கின் நலம் என்பது கீழே இருப்பவர்களின் கிணற்று விஷயம். மண்ணுக்கடியில் எண்ணெய் வைத்திருக்கும் எந்த மலையூரிலும், கசிவு என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, டேங்குக்குக் கீழ்ச்சரிவில் இருக்கும் ஊற்றுகளில் மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை மாதிரி எடுத்துப் பதிந்து வைக்க வேண்டும். அந்த முதல் எண் இல்லாவிட்டால், பின்னால் வரும் எந்த எண்ணும் நீதிமன்றத்தில் தடுமாறும். பங்க் உரிமம், தோட்டத்து டீசல் டேங்க், ஓட்டல் ஜெனரேட்டருக்கான டேங்க் எதுவானாலும் இதை ஒரு நிபந்தனையாக்குவதில் பெரிய செலவில்லை.

உங்கள் வீட்டுக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுக்கிறீர்களா? வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, கிருமி இவ்வளவுதான் பார்ப்பார்கள். பென்சீனை யாரும் தேட மாட்டார்கள். மேட்டுப் பக்கம் பங்க்கோ பழைய எண்ணெய் டேங்கோ இருந்தால், படிவத்தில் ‘பிடெக்ஸ், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்’ என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகத்தின் குப்பியை வாங்கி, குமிழி இல்லாமல் நிரப்பிக் கொடுங்கள்.